அட்டை ஒருவரிடம், நேரம் இன்னொருவரிடம்

(வெள்ளவத்தையில் நிகழ்த்தப்பட்ட பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வீடியோ கேம் என்று தலைப்புப் போட்டால் வழக்கமாக மனநல வைத்தியர் ஒருவரைக் கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரை. பிள்ளைகள் கெட்டுப்போகும் விதங்களை அவர்கள் வரிசையாகச் சொல்லி முடிக்க, வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இம்முறை ஒரு கணக்காளனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஆகவே ஒழுக்கத்தை விட்டுவிட்டுக் காசைப் பேசுவோம். மாதம் மாதம் சந்தா கட்டினால் நூற்றுக்கணக்கான கேம்களைத் திறந்துவிடுகிறோம் என்கிறார்களே, அது விளையாடுகிறவனுக்குக் கட்டுபடியாகுமா? அதுவும் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ இருந்துகொண்டு விளையாடுகிறவனுக்கு?

நானும் விளையாடுகிறவன்தான். தலை நரைத்த பிறகும் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை என்று வீட்டில் சொல்லிக்காட்டுவார்கள். அதனால் இரண்டு பக்கத்துக் கணக்கும் எனக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் கேமுக்குக் காசு கொடுக்கும் பழக்கமே அண்மையில்தான் வந்தது. பிளேஸ்டேஷன் 2 காலத்தில் மெஷின் வாங்கியதும் முதல் வேலை, அதைத் திறந்து உள்ளே சிப் போடக் கொடுப்பது. பிறகு பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிக் கடைத்தொகுதிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் டிஸ்க்குகளைச் சில நூறு ரூபாவுக்கு ஒன்று என்று அள்ளிக்கொண்டு வரலாம். மேலட்டை கலர் ஃபோட்டோகொப்பி. ஓடாவிட்டால் மாற்றித் தருவார்கள். அந்த விடயத்தில் இன்றைய கொம்பனிகளைவிட நாணயமானவர்கள். புலமைச் சொத்துச் சட்டம் 2003 இல், 36 ஆம் இலக்கமாக, நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. டிஸ்க்குக் கடைக்காரர்கள் அதை வாசித்ததாகத் தெரியவில்லை. பிளேஸ்டேஷன் 4 வந்த பிறகுதான் அந்த வியாபாரம் படுத்தது. ஆனாலும் ஒரு கேமின் விலை என்றதும் எங்கள் தலைமுறையின் மனதில் இன்றும் நிற்பது அந்த டிஸ்க்கின் விலைதான். அதனால்தான் 60 டொலர் கேம் என்றால் நெஞ்சு அடைக்கிறது, மாதம் 10 டொலருக்கு எல்லாம் என்றால் காது நீளுகிறது.

அந்தப் பத்து டொலர்க் கதையைப் பார்ப்போம். மைக்ரோசொஃப்ட் 2017 ஜூனில் எக்ஸ்பொக்ஸ் கேம் பாஸைத் தொடங்கியபோது மாதக் கட்டணம் 9.99 டொலர், உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட கேம்கள். 2018 மார்ச்சில் ‘சீ ஒஃப் தீவ்ஸ்’ தொடக்கம், தங்களுடைய புதிய கேம்களைக் கடைக்கு வரும் அன்றே சந்தாக்காரருக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். உலகமே வாயைப் பிளந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் பிளஸ் இதைவிட மூத்தது, 2010 இல் வந்தது. 2022 இல் அதை எசென்ஷல், எக்ஸ்ட்ரா, பிரீமியம் என்று மூன்று தட்டாகப் பிரித்தார்கள். நின்டெண்டோ, ஈ.ஏ., யுபிசொஃப்ட், அப்பிள், கூகுள் என்று இன்று எல்லோரிடமும் ஒரு சந்தா உண்டு. யோசனை என்னவோ பழையது. அமெரிக்காவில் சேகா கொம்பனி 1994 இலேயே கேபிள் டீவி வயர் வழியாகச் சந்தாவுக்குக் கேம் அனுப்பியது. 1998 இல் மூடிவிட்டார்கள்.

கேம் பாஸின் மேல்தட்டுக்கு அல்டிமேட் என்று பெயர். 2019 ஜூனில் அது வந்தபோது 14.99 டொலர். 2023 இல் 16.99. 2024 இல் 19.99. 2025 ஒக்டோபர் முதலாந் திகதி ஒரே பாய்ச்சலில் 29.99. அன்று ரத்துச் செய்யப் போனவர்களின் நெரிசலில் ரத்துப் பக்கமே பலருக்குத் திறக்கவில்லை. இது டொலர்க் கணக்கு. அமெரிக்காவில் இருப்பவனுக்கு ஆறு வருடத்தில் விலை இரண்டு மடங்கு. அவன் கத்துகிறான், நியாயம்தான்.

எங்கள் கணக்கு வேறு. 2019 நடுப்பகுதியில் டொலர் ஏறத்தாழ 176 ரூபா. 14.99 டொலர் என்றால் 2,640 ரூபா. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டார்கள். மே மாதமளவில் டொலர் 360 ஐத் தொட்டது. கொம்பனி ஒரு சதமும் கூட்டாமல் இருக்கவே, அதே சந்தா 5,400 ரூபா ஆயிற்று. அந்த மாதங்களில் வங்கிகள் கடனட்டையின் வெளிநாட்டுப் பாவனையையும் இறுக்கிப் பிடித்தன. மார்ச் 31 ஆந் திகதி பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. சந்தா மட்டும் மின்வெட்டு இல்லாமல் ஓடியது. பிறகு ரூபா கொஞ்சம் தெளிந்து 300 அளவுக்கு வந்தது. அதற்குள் கொம்பனி கூட்டத் தொடங்கிவிட்டது. 2025 ஒக்டோபரில் 29.99 டொலர் என்றால் ஏறத்தாழ 9,100 ரூபா. ஆக, அமெரிக்கனுக்கு இரண்டு மடங்கு ஆனது, எங்களுக்கு மூன்றரை மடங்கு. இதற்கு மேல் வங்கி தன் மாற்று விகிதத்தில் வைக்கும் இலாபமும் கடனட்டைக்கான முத்திரை வரியும் இருக்கின்றன. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 18 வீத வற் வரி 2025 ஒக்டோபரில் வருகிறது என்றார்கள், பிறகு தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்ட வரி என்றால் வராத வரி என்று யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம்.

2025 ஏப்ரலில் தனியார்துறையின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 27,000 ரூபாவாக உயர்த்தினார்கள். அந்த ஒக்டோபரில் அதில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு சந்தாவுக்குப் போயிருக்கும். கீழ்த்தட்டுக்கள் உண்டு, 9.99 டொலருக்கும் உண்டு. ஆனால் விளம்பரத்தில் காட்டுகிற புதுக் கேம்கள் அந்தத் தட்டுக்கு அன்றே இறங்காது.

சரி, விலை கூடியது என்பதற்காகப் பெறுமதி இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஐநூறு கேம் தருகிறானே என்பீர்கள். ஐநூறு என்ற எண்ணை மறந்துவிடுங்கள். நான் கேட்கும் ஒரே கேள்வி: மாதத்தில் எத்தனை மணித்தியாலம் விளையாடுவீர்கள்?

கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். அண்ணன் புறக்கோட்டையில் மொத்தக் கடையொன்றில் வேலை. வாரத்தில் ஆறு நாள். ஞாயிறு கோயிலுக்குப் போய், சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழும்பினால் அவனுக்கு மிஞ்சுவது நாலு மணித்தியாலம். மாதத்துக்குப் பதினாறு. 2025 ஒக்டோபரின் 9,100 ரூபாவைப் பதினாறால் பிரியுங்கள்: மணித்தியாலத்துக்கு 570 ரூபா. தம்பி உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிறான். பெறுபேறு வர மாதக் கணக்கு. பல்கலைக்கழகம் கிடைத்தாலும் உள்ளே போக அதற்கு மேலே இன்னும் காலம். ரியூஷன் இல்லை, பாடக்கொப்பி இல்லை. ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் சாதாரணமாக விளையாடுவான். அம்மா கத்தாவிட்டால் பத்து. ஆறு என்றே வைத்தாலும் மாதத்துக்கு 180. அதே 9,100 ரூபா, மணித்தியாலத்துக்கு ஐம்பது. ஒரே வீடு, ஒரே சந்தா. ஒருவனுக்கு மற்றவனைவிடப் பதினொரு மடங்கு மலிவு.

அண்ணனின் கணக்கை இன்னும் கொஞ்சம் இழுப்போம். ‘பெர்சோனா 5 றோயல்’ என்று ஒரு ஜப்பானியக் கேம், 2022 ஒக்டோபரில் கேம் பாஸுக்கு வந்தது. முடிக்க நூறு மணித்தியாலம் தேவை. மாதம் பதினாறு மணித்தியாலம் விளையாடுகிற அண்ணனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் எடுக்கும். 2025 ஒக்டோபர் விலையில் 54,000 ரூபாவுக்கு மேல் சந்தா கட்டி, ஒரே ஒரு கேமை முடித்திருப்பான். அதை நேரே வாங்கினால் 59.99 டொலர், 18,000 ரூபா சொச்சம். ஸ்டீம் கடையில் தள்ளுபடி போடும்வரை காத்திருந்தால் அதில் பாதிக்கும் குறைவு. ஸ்டீமில் தெற்காசியாவுக்கென்று டொலரிலேயே தனி விலைப்பட்டியல் ஒன்றும் இருக்கிறது. பல கேம்கள் அங்கே அமெரிக்க விலையைவிடக் குறைவு.

ஆக, சந்தாவால் பயன் பெறக்கூடியவன் தம்பி. ஆனால் தம்பியிடம் வங்கி அட்டை இல்லை. அட்டை இருப்பது அண்ணனிடம். அவனுக்கு நேரம் இல்லை. இந்தப் பொருத்தமின்மையை நான் எங்கள் வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தம்பி கெஞ்சுவான், அண்ணன் அட்டையைக் கொடுப்பான், முதல் மாதம் வீடே களைகட்டும். மூன்றாம் மாதம் தம்பி ஆங்கில வகுப்பிலோ கணக்கியல் வகுப்பிலோ சேர்ந்துவிடுவான். சந்தா தானாகவே புதுப்பித்துக்கொண்டு போகும். அட்டைக் கூற்றில் சுப்பர்மார்க்கெட்டுக்கும் பெற்றோல் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு வரி. அண்ணன் அதைப் பார்ப்பான், அடுத்த மாதம் நிறுத்துவோம் என்பான். கணக்காளனாக ஒன்றைச் சொல்கிறேன்: உலகத்தில் எந்தச் சந்தா வியாபாரமும், கட்டிவிட்டுப் பாவிக்காமல் இருப்பவர்களை நம்பித்தான் நடக்கிறது. எல்லோரும் தம்பிமாராக இருந்தால் இந்தக் கொம்பனிகள் தாங்காது.

இனி, பணத்தைவிடச் சிக்கலான விடயம். சோனியின் கணக்கிலும் எக்ஸ்பொக்ஸின் கணக்கிலும் இலங்கை என்று ஒரு நாடு இல்லை.

இது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது. சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வேர்க்கில் கணக்குத் திறக்கும்போது நாட்டைத் தெரிவு செய்ய வேண்டும். பட்டியலில் இலங்கை கிடையாது. எக்ஸ்பொக்ஸ் பட்டியலிலும் கிடையாது. 2023 இல் கணினிக்கான கேம் பாஸை மேலும் நாற்பது நாடுகளுக்கு விரித்தார்கள். பெரு வந்தது, எகிப்து வந்தது, போருக்குள் இருக்கும் உக்ரைன் வந்தது. நாங்கள் வரவில்லை. அப்படியானால் இங்கே பிளேஸ்டேஷன் 5 வைத்திருக்கும் பொடியன்கள் எல்லாம் எந்த நாட்டில் விளையாடுகிறார்கள்?

பதில் அழகானது: மாமா இருக்கும் நாட்டில். சோனியின் பரிசு அட்டைகள் நாட்டுக்கு நாடு பூட்டப்பட்டவை. கனடாவில் வாங்கிய அட்டை கனடாக் கணக்கில் மட்டும் வேலை செய்யும். அமெரிக்கக் கணக்கில் போட்டால் ஏற்காது. கணக்கைத் திறந்த பிறகு நாட்டை மாற்றவும் முடியாது. ஆகவே ஸ்கார்பரோவில் மாமா இருந்தால் பொடியன் கனடாக்காரன். ஹரோவில் சித்தி இருந்தால் பிரித்தானியன். வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில், பக்கத்துப் பக்கத்து வீடுகளில், ஒரே வகுப்பில் படிக்கும் மூன்று பொடியன்கள் மூன்று நாட்டுப் பிரசைகளாக இருந்து பந்து விளையாடுகிறார்கள். பிறந்தநாளுக்கு மாமா கடையில் அட்டையை வாங்கி, பின்பக்கத்தைச் சுரண்டி, இலக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். படம் கொஞ்சம் கலங்கியிருக்கும். பூச்சியமா ‘ஓ’ எழுத்தா, எட்டா ‘பி’ எழுத்தா என்று இங்கே குடும்பமே கூடியிருந்து ஆராயும். வெளிநாட்டுப் பணம் நாட்டுக்குள் வரும் வழிகளில் இதை மத்திய வங்கி எந்த நிரலில் போடுகிறதோ.

மாமா இல்லாதவர்கள் முகநூலிலும் கடைகளிலும் இலக்கங்களை வாங்குகிறார்கள், விற்பவனின் இலாபமும் சேர்த்து. இந்தியக் கணக்குத் திறப்பவர்களும் உண்டு. அங்கே விலை குறைவு. 2025 ஒக்டோபர் கூட்டலுக்குப் பிறகும் அல்டிமேட் இந்தியாவில் 1,389 இந்திய ரூபாவாகத்தான் இருந்தது, எங்கள் காசில் ஏறத்தாழ 4,800. அமெரிக்கக் கணக்கோடு பார்த்தால் பாதி. இதெல்லாம் கொம்பனிகளின் விதிகளுக்கு ஒத்துவராத காரியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் வேறு நாட்டில் வசிப்பதாகச் சொல்லிக் கணக்குத் திறக்கிறீர்கள். நாளைக்கு முடக்கினால் எங்கே போவீர்கள்? எங்களுக்கு நுகர்வோர் அதிகார சபை இருக்கிறது. ஆனால் அவர்கள் முன்னால் போய் எனது கனடாக் கணக்கை முடக்கிவிட்டார்கள் என்று முறையிடுவதை யோசித்துப் பாருங்கள்.

நடக்காத பயத்தைக் கிளப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2024 பெப்ரவரியில் ‘ஹெல்டைவர்ஸ் 2’ என்ற கேம் வந்தது. கணினியில் விளையாடியவர்கள் ஸ்டீமில் முறையாகக் காசு கொடுத்து வாங்கினார்கள். மே 3 ஆந் திகதி சோனி ஓர் அறிவிப்பு விட்டது: இனி எல்லோரும் பிளேஸ்டேஷன் நெட்வேர்க் கணக்கை இணைக்க வேண்டும். அந்த நெட்வேர்க்கே இல்லாத நாட்டில் இருப்பவன் என்ன செய்வான்? 177 நாடுகளிலும் ஆட்புலங்களிலும் கேமை விற்பனையில் இருந்து எடுத்துவிட்டார்கள். உலகம் முழுக்க விளையாடுகிறவர்கள் ஸ்டீமில் எதிர்ப்பு விமர்சனம் எழுதிக் குவித்ததில், மூன்றாம் நாள் சோனி பின்வாங்கியது. ஆனால் அந்த நாடுகளில் விற்பனை உடனே திரும்பவில்லை. முழு விலை கொடுத்து வாங்கியவனுக்கே இந்த நிலை என்றால், இரவல் நாட்டில் மாத வாடகைக்கு இருப்பவனின் நிலை?

இன்னும் ஒன்று. மேல்தட்டுச் சந்தாவுக்குள் கிளவுட் வசதி என்று ஒன்று இருக்கும்: கேமை இறக்காமல், கொம்பனியின் கணினியில் ஓடவிட்டு, படத்தை மட்டும் உங்கள் திரைக்கு அனுப்புவார்கள். எக்ஸ்பொக்ஸின் அந்தச் சேவை இந்தியாவுக்கே 2025 நவம்பரில்தான் வந்தது. எங்களுக்கு அது இல்லை. ஆனால் அல்டிமேட் விலைக்குள் அதன் காசும் இருக்கிறது.

கிளவுட் இல்லாவிட்டால் இறக்கத்தான் வேண்டும். சந்தாவின் இன்பமே பலதையும் இறக்கி, பத்து நிமிடம் பார்த்து, பிடிக்காவிட்டால் அழிப்பதுதானே. ‘பால்டர்ஸ் கேட் 3’ போன்ற பெரிய கேம் ஒன்று 150 ஜிகாபைட் இடம் கேட்கிறது. நூறு ஜிகாபைட் கேமை 20 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்கப் பதினொரு மணித்தியாலம். மாத அளவு போட்ட பக்கேஜ் என்றால் வீட்டில் மற்றவர்களின் டேட்டாவும் அதோடு போய்விடும். அக்காவின் ஸூம் வகுப்பு நடுவில் நிற்கும். அதனால்தான் நள்ளிரவுக்குப் பிந்திய இலவச டேட்டாவுக்காக விழித்திருக்கும் ஒரு பரம்பரை உருவாகியிருக்கிறது. பிள்ளை இரவிரவாக விளையாடுகிறான் என்று அம்மாமார் என்னிடம் சொல்லும்போது, விளையாடவில்லை அக்கா, டவுன்லோட் பண்ணுகிறான் என்று சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு அதில் வித்தியாசம் தெரியவில்லை.

இவ்வளவையும் கேட்டால் நான் சந்தாவுக்கு எதிரி என்று தோன்றும். அப்படி இல்லை. சந்தா இல்லாவிட்டால் பலருடைய கண்ணிலேயே பட்டிருக்காத கேம்கள் இருக்கின்றன. அவற்றில் எங்களுக்கு மிக நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன்.

‘வெண்பா’ என்று ஒரு கேம். ரொறொன்ரோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு செய்தது. 2023 ஜூலை 31 ஆந் திகதி வெளிவந்தது. 1980களின் இறுதியில் தமிழ்நாட்டில் இருந்து கனடாவுக்குப் போகும் ஒரு குடும்பம்: வெண்பா, கணவர் பாவலன், பிறகு மகன் கவின். வெண்பாவிடம் தாயின் சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது; பக்கங்கள் கிழிந்து, எழுத்துக் கரைந்து போயிருக்கிறது. விளையாடுகிறவர் அந்தக் குறிப்பில் விட்டுப்போனதை ஊகித்துச் சமைக்க வேண்டும். முதலில் இட்லி. பிறகு புட்டு: குழலுக்குள் மாவையும் தேங்காய்ப்பூவையும் என்ன ஒழுங்கில் போடுவது என்று கண்டுபிடிக்க வேண்டும். கொட்டாஞ்சேனை அம்மா ஒருவரை இதன் முன்னால் உட்கார்த்தினால், இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்பார். ஆனால் அயோவாவில் இருக்கும் ஒரு கல்லூரிப் பையனுக்கு அது உண்மையான புதிர். பிழையாகப் போட்டு, திரும்பவும் போட்டு, ஆவி மேலே வரும்போது அவனுக்கு ஒரு வெற்றி. நடுவில் நடப்பது சமையல் இல்லை. மகன் வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். பள்ளிக்கூடத்துக்குத் தாய் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுக்கு வெட்கப்படுகிறான். கனடாவில் பிள்ளை வளர்க்கும் எந்த உறவினரிடமும் கேளுங்கள்.

அந்தக் கேமை முடிக்க ஒன்றரை மணித்தியாலம் போதும். விலை 14.99 டொலர். ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பதினைந்து டொலரா என்று கடையில் தயங்குகிறவர்கள் நிறைய இருப்பார்கள், அதுவும் பெயரைக்கூட உச்சரிக்கத் தெரியாத ஒரு கேமுக்கு. வெளியான அன்றே அது கேம் பாஸில் இருந்தது. ஏற்கெனவே சந்தா கட்டியிருந்தவன் ஒரு பின்னேரம் சும்மா அழுத்திப் பார்த்தான், முடித்தான், அடுத்த நாள் அம்மாவுக்கு ஃபோன் எடுத்தான். 2024 இல் சுயாதீனக் கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விருதில் முதற்பரிசும், பிரித்தானியாவின் பாஃப்டாவில் சிறந்த அறிமுகக் கேம் விருதும் அதற்குக் கிடைத்தன. சந்தாதான் பரிசு வாங்கித் தந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் குறுகிய, விசித்திரமான, ஓர் ஊரின் வாசனையுள்ள கேம்களுக்கு இந்த முறை நல்லது. செய்கிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு தொகை கையில் வருகிறது, விளையாடுகிறவனுக்குத் துணிந்து தொட்டுப்பார்க்க முடிகிறது. நூறு மணித்தியாலக் கேமுக்குச் சந்தா நட்டம், ஒன்றரை மணித்தியாலக் கேம்களுக்கு இலாபம். மாதத்தில் இப்படி ஐந்தாறு சிறுசுகளைத் தேடி விளையாடுகிற ரசனை உள்ளவர் என்றால், அண்ணனுக்குக்கூடக் கணக்கு மாறும்.

இலங்கைத் தமிழ்ப் பொடியனுக்கு அன்று ‘வெண்பா’வை முறைப்படி விளையாட இருந்த வழி, ஸ்டீமில் காசு கொடுத்து வாங்குவது. புட்டு அவிக்கிற ஊருக்குச் சந்தா இல்லை.

சொந்தமாக வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்ற பழைய வாதத்துக்கு வருகிறேன். சந்தாக் கேம்கள் வரும், போகும். ‘ஜி.டி.ஏ. 5’ ஐப் பாருங்கள். 2020 ஜனவரியில் கேம் பாஸுக்கு வந்தது, மே மாதம் போனது. 2021 ஏப்ரலில் வந்தது, ஓகஸ்டில் போனது. 2023 ஜூலையில் வந்தது, 2024 ஜனவரியில் போனது. 2025 ஏப்ரலில் திரும்ப வந்தது. நடுவில் அகப்பட்டவன் பாதிக் கதையில் நிற்பான். இதில் வேடிக்கை, 2020 மே மாதம் எக்ஸ்பொக்ஸ் சந்தாவில் இருந்து அது கழன்ற அடுத்த வாரமே, கணினிக்கு அதே கேமை எபிக் கடை இலவசமாகக் கொடுத்தது. அன்று ஒரு கணக்கைத் திறந்து பொத்தானை அழுத்தியவரிடம் இன்றும் அது இருக்கிறது. எபிக் 2018 டிசம்பரில் கடை திறந்த மாதம் தொட்டு இலவசக் கேம் கொடுத்துவருகிறது, பல வருடமாக வாரம் தவறாமல். இங்கே கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிமாரில் எத்தனை பேர் அதை ஒழுங்காக எடுத்து வைக்கிறீர்கள்?

வாங்கினால் நிரந்தரம் என்றும் சொல்ல முடியாது. யுபிசொஃப்டின் ‘த க்ரூ’ என்ற கார் கேமை முழு விலைக்கு வாங்கியவர்கள் இருந்தார்கள். 2024 மார்ச் 31 இல் சேர்வரை நிறுத்தினார்கள், கேம் செத்தது. அதில் கிளம்பிய கோபம் ஐரோப்பாவில் பத்து இலட்சத்துக்கு மேல் கையொப்பம் திரட்டும் அளவுக்குப் போனது. கலிஃபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம்: டிஜிட்டல் கடையில் ‘வாங்கு’ என்று போட்டால், வாங்குவது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்து உண்மையாக உங்களுடையது என்று சொல்லக்கூடியது டிஸ்க்குத்தான். முடித்தபின் இக்மன் இணையத்தளத்தில் விளம்பரம் போட்டு, பாதிக்கு மேல் காசைத் திரும்ப எடுக்கலாம். கொழும்பில் பிளேஸ்டேஷன் விளையாடுகிறவர்களின் மலிவான வழி இன்றும் அதுதான்: ஒரு டிஸ்க்கு, நாலு நண்பர்கள், கைமாற்று. இதற்காகவே டிஸ்க்கு போடும் வாய் இல்லாத மெஷினை மலிவு என்று வாங்காதீர்கள்.

ஒரு சந்தா மட்டும் பலருக்குத் தவிர்க்க முடியாதது. பிளேஸ்டேஷனில் காசு கொடுத்து வாங்கிய கேமை ஒன்லைனில் மற்றவர்களோடு விளையாட பிளஸ் வேண்டும். வருடம் முழுக்க நண்பர்களோடு பந்து விளையாடுகிற பொடியனுக்கு எசென்ஷல் வருடச் சந்தா 79.99 டொலர்; மாதத்துக்கு 2,000 ரூபா. இது பாலத்தைக் கடக்கக் கட்டும் ஆயம், கேம்களுக்கான விலை இல்லை. ஆனால் விளையாடுகிறவனுக்கு வாரம் முழுக்கப் பயன்படுவதால் குறை சொல்லமாட்டேன். ‘ஃபோர்ட்நைட்’ போன்ற இலவசக் கேம்களுக்கு அதுவும் தேவையில்லை. கணினியில் விளையாடுகிறவருக்கு இந்த ஆயம் அறவே கிடையாது. எக்ஸ்ட்ரா, பிரீமியம் என்ற மேல்தட்டுக்கள், 2023 செப்டம்பரில் வருடத்துக்கு முறையே 134.99, 159.99 டொலராகக் கூட்டியவை, அவை தம்பி மாதிரி நேரமுள்ளவனுக்கு ஒரு பருவத்துக்கு மட்டும்.

அம்மாமார் தலையாட்டுவது தெரிகிறது. உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சந்தாவுக்குக் கேட்கிறான் என்று சண்டை பிடிக்கிறீர்கள். ஃபோனில் ‘ஃப்ரீ ஃபயர்’ விளையாடுகிற பிள்ளையைக் கண்டுகொள்வதில்லை, அது இலவசம்தானே என்று. இலவசக் கேமுக்குள் டயமண்ட் விற்கிறார்கள். ரீலோட் காசில் ஐந்நூறு, ஆயிரம் என்று போகும். ‘ரோப்லொக்ஸ்’ விளையாடும் சின்னதுகளுக்கு ரோபக்ஸ். அதற்கு உச்சவரம்பு கிடையாது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் சந்தாவைத் தாண்டியிருக்கும், கையில் ஒரு உடுப்பின் படம் மிஞ்சியிருக்கும். இவ்வளவுதான் போகும் என்று முன்கூட்டியே தெரிந்த செலவு என்ற ஒரே காரணத்துக்காகவே, பெற்றோராக நான் டயமண்டைவிடச் சந்தாவை விரும்புவேன். அதோடு, வீட்டில் நெட்ஃபிளிக்ஸ் கட்டுகிறீர்கள் என்றால், 2021 நவம்பர் முதல் அதற்குள்ளேயே ஃபோன் கேம்கள் இருக்கின்றன; மேலதிகக் காசு இல்லை, உள்ளே விளம்பரமும் இல்லை. 2025 இல் இருபதுக்கு மேற்பட்டதை ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள் என்றாலும் மிச்சம் இருக்கிறது. சந்தா கட்டும் வீடுகளிலேயே இதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு.

கடைசியாக மாமாமாருக்கு. பிள்ளை பாஸ் பண்ணிவிட்டான், என்ன அனுப்ப என்று ரொறொன்ரோவில் இருந்து கேட்டால், பன்னிரண்டு மாதச் சந்தா வேண்டாம் என்று சொல்லுங்கள். அதே காசுக்கு வொலட் அட்டையாக அனுப்பட்டும். கணக்கு எந்த நாடோ அந்த நாட்டு அட்டை. அது கணக்கில் கிடக்கும். பரீட்சை முடிந்த பிறகு ஒரு மாதம் சந்தா எடுக்கலாம், வகுப்புத் தொடங்கினால் விடலாம், நடுவில் தள்ளுபடி வந்தால் ஒரு கேம் வாங்கலாம். சந்தா எடுத்த அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிடச் சொல்லுங்கள். நிறுத்தினாலும் கட்டிய மாதம் முடியும்வரை விளையாடலாம், யாரும் வெட்டமாட்டார்கள். அண்ணனின் அட்டையைக் கணக்கில் சேமித்து வைக்கவும் வேண்டாம்.

படம் எடுக்கும்போது வெளிச்சத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். இனி உங்கள் கேள்விகள்.